சென்னையில புது சபை ஆரம்பிக்கப் போறவங்களுக்கு: முதல் ஆராதனைக்கு முன்னாடி தினமும் செய்ய வேண்டியது

சபை ஆரம்பிக்கணும்னு மனசுல பாரம் வந்துருச்சு, தாய் சபையில பெரிய பாஸ்டர் கை வச்சு ஜெபிச்சு அனுப்பியாச்சு, எந்த ஏரியான்னும் முடிவாயிருச்சு. இதுக்கு அடுத்து நிறைய பேர் பண்றது என்னன்னா ஒரு ஹால் பிடிச்சு, பேனர் அடிச்சு, கீபோர்டு ஸ்பீக்கர் வாங்கி அடுத்த மாசமே ஞாயித்துக்கிழமை ஆராதனைய ஆரம்பிச்சுடறது. தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. ஞாயிறு ஆராதனைங்கறது ரெண்டு ரெண்டரை மணி நேரம், மீதி ஆறு நாள் அந்தத் தெருவுல உங்கள யாருக்குத் தெரியும், ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னா கூப்பிட உங்க நம்பர் அவங்க போன்ல இருக்கான்னு பாருங்க. ஒரு வருஷமாவது அந்த ஆறு நாளை உருவாக்கிட்டு அப்புறமா ஏழாவது நாளைத் தொடுங்க, அதுக்குத்தான் இதை எழுதறேன்.

முதல் வேலை, அந்த ஏரியாவுக்கே வீடு மாறுறது. தாம்பரத்துல இருந்துகிட்டு ஓஎம்ஆர்ல சபை நடத்துறது நடக்கும், ஆனா அது கூட்டம் நடத்துற மாதிரிதான் இருக்கும். ஓஎம்ஆரையே எடுத்துக்கோங்க, சோழிங்கநல்லூர் சிக்னல்ல நின்னா ஒரு பக்கம் கண்ணாடி பில்டிங், கேட்டட் அபார்ட்மெண்ட், கொஞ்ச தூரத்துலயே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கண்ணகி நகர்ல 2000 வாக்குலயே ஆளுங்களக் கொண்டு வந்து குடி வச்சாங்க, செம்மஞ்சேரிக்கு 2004 சுனாமிக்கு அப்புறம் நிறைய பேர் வந்தாங்க, 2015 வெள்ளத்துக்கு அப்புறம் ஆத்தங்கரைல இருந்த குடும்பங்களை பெரும்பாக்கத்துக்கு அனுப்புனாங்க. நகரத்துக்குள்ள வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போயிட்டிருந்தவங்க, திடீர்னு பஸ்சுக்கே காலைல ஒரு மணி நேரம் நிக்கற நிலைமை. இந்தக் கதை தெரியாம அங்க போயி பிரசங்கம் பண்ணா அது யாருக்கும் ஒட்டாது. எரேமியா 29ல கர்த்தர் ஜனங்களைப் பார்த்து அந்தப் பட்டணத்தோட சமாதானத்துக்காக ஜெபிக்கச் சொல்றாரு இல்லையா, அந்தப் பட்டணத்துல தண்ணி லாரி எந்தக் கிழமை வருதுன்னே தெரியாம எதுக்காகன்னு ஜெபிப்பீங்க?

அதனால காலைல ஜெபம் முடிஞ்சதும் நடங்க. அஞ்சரைக்கு பால் பாக்கெட் போடற பையன், ஆறு மணிக்கு குப்பை வண்டி அக்கா, டீக்கடைல நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து நிக்கற செக்யூரிட்டி அண்ணன், ஆட்டோ ஸ்டாண்டு, இவங்கதான் ஏரியாவோட நாடி. ஒரே டீக்கடைக்கு தினமும் போங்க, கடை மாத்தாதீங்க. முதல் நாளே "நான் பாஸ்டர்"னு சொல்லணும்னு இல்ல, ஆனா கேட்டா மறைக்காதீங்க, மறைச்சது பின்னாடி தெரிஞ்சா அந்த ஏரியால அதுக்கப்புறம் உங்க வார்த்தைக்கு மதிப்பு இருக்காது. சின்ன நோட்டு ஒண்ணு வச்சுக்கோங்க. பேரு, எந்த பிளாக், பையன் என்ன படிக்கிறான், அம்மாவுக்கு சுகர், இந்த மாதிரி ரெண்டு வரி போதும். அடுத்த நாள் ஜெபத்துக்கு அந்த நோட்டோடதான் உக்காரணும், அடுத்த வாரம் பார்க்கும்போது "அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு"ன்னு கேளுங்க, அவ்வளவுதான் ஊழியம், மீதியைத் தேவன் பாத்துக்குவாரு.

அடுத்தது வேலை. முழு நேர ஊழியம்னு சொல்லிட்டு முதல் மாசத்துல இருந்தே காணிக்கைய நம்பி இருக்கறது விசுவாசம்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது உங்க மனைவிக்கும் பிள்ளைங்களுக்கும் எவ்வளவு பாரம்னு யோசிங்க. அப்போஸ்தலர் 18ல பவுல் கொரிந்து பட்டணத்துக்குப் போனப்ப ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் வீட்டுல தங்கி கூடாரம் பண்ற தொழில் செஞ்சாரு, ஓய்வுநாள்ல ஜெப ஆலயத்துல பேசினாரு, அந்த ஊர்லயே 1 வருஷம் 6 மாசம் இருந்தாரு. ட்யூஷன், அக்கவுண்ட்ஸ், டிரைவிங், டேட்டா என்ட்ரி, உங்களுக்கு எது வருமோ அதுல பாதி நாள் வேலை பாருங்க. அதுல சம்பளத்தைவிட பெரிய லாபம் ஒண்ணு இருக்கு, டெட்லைன்னா என்ன, மேனேஜர் திட்டுனா எப்படி இருக்கும், மாசக் கடைசின்னா என்னன்னு தெரியும், உங்க பிரசங்கம் தானா தரைக்கு வந்துரும்.

ட்யூஷன் எடுக்கறவங்களுக்கு மட்டும் ஒண்ணு: ட்யூஷன்னா ட்யூஷன். கணக்கு சொல்லிக் கொடுக்கறேன்னு கூப்பிட்டு, அப்பா அம்மாவுக்குத் தெரியாம பிள்ளைங்களுக்கு வேத பாடம் நடத்தாதீங்க. இது நேர்மை சம்பந்தப்பட்ட விஷயம். அவங்க வேற மதமா இருந்தா இன்னும் கூடுதலா கவனமா இருங்க.

சாயங்காலம்தான் சென்னைல உண்மையான ஊழிய நேரம், அதுவும் எட்டு மணிக்கு மேல. ஐடில இருக்கறவங்க வீட்டுக்கு வரவே எட்டரை ஆகும், அமெரிக்க ஷிப்ட்னா அவங்க சாயங்காலம்தான் கிளம்புவாங்க, அவங்களை மதியம் ரெண்டு மணிக்குத்தான் பாக்கலாம். தாத்தா பாட்டிங்களை காலைல பதினோரு மணிக்குப் பாருங்க, பிள்ளைங்க எல்லாரும் போயிட்டப்புறம் வீடே அமைதியா இருக்கும், அவங்களும் நிறைய பேசுவாங்க. போறதுக்கு முன்னாடி போன் பண்ணிட்டுப் போங்க, தனியா இருக்கற பெண்கள் வீட்டுக்கு மனைவியோட போங்க இல்லாட்டி போகாதீங்க, கதவைத் தொறந்தே வச்சிருங்க, அரை மணி நேரத்துல எழுந்துருங்க.

வீட்டு ஜெபக்கூட்டம் எப்படி இருக்கணும்னு கேட்டா, செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டே முக்கால், ரெண்டு பெட்ரூம் வீடு, சோபாவ சுவத்துப் பக்கம் தள்ளிட்டு பாய் விரிச்சிருக்கும், வாசல்ல செருப்பு பக்கத்து வீட்டு கோலத்தை மிதிக்காத மாதிரி ஒரு ஓரமா வரிசையா இருக்கும், பக்கத்து வீட்டுல சீரியல் சத்தம், ஒரு கைக்குழந்தை பாதிப் பாட்டுல அழும், லேட்டா வர்ற தம்பி லேப்டாப் பேக்கோட கதவுகிட்டயே உக்காந்துருவான். இங்க மைக் தேவையில்ல, கிடாரே அதிகம், கைதட்டலை மெதுவா வச்சுக்கோங்க. ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், பதினஞ்சு நிமிஷம் வசனம், அப்புறம் ஒவ்வொருத்தரும் தங்க வாரம் எப்படி இருந்துச்சுன்னு சொல்லட்டும். ஒன்பதே முக்காலுக்கு முடிச்சிடுங்க, ஏன்னா மறுநாள் ஆறு மணிக்கு ஸ்கூல் வேன். வீட்டுக்காரம்மா எல்லாருக்கும் சாப்பாடு போடணும்னு ஒரு வழக்கத்தை மட்டும் உருவாக்கிடாதீங்க, சுண்டலும் டீயும் போதும், இல்லாட்டி வசதி இல்லாதவங்க தங்க வீட்டுல ஜெபம் வைக்கவே கூச்சப்படுவாங்க.

சத்தம்னு சொன்னதால இதையும் சொல்லிடறேன். 2000 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒண்ணு வந்துச்சு, அது நம்ம சென்னை மாதவரம் பக்கம் ஒரு சபைக்கும் அங்க குடியிருந்தவங்களுக்கும் நடந்த வழக்கு. மத்தவங்க நிம்மதியக் கெடுத்து ஒலிபெருக்கி வச்சு ஜெபம் பண்ணணும்னு எந்த மதமும் சொல்லலைன்னு அந்தத் தீர்ப்புல இருக்கு. குடியிருப்புப் பகுதில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45, இதுதான் விதி, ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் வெளில ஸ்பீக்கர் வைக்கக் கூடாது. விதிய விட முக்கியம், கீழ் வீட்டு அம்மாவுக்கு மைக்ரேன் இருக்கலாம், எதிர் வீட்டுப் பையனுக்கு பன்னெண்டாவது பரீட்சை இருக்கலாம். முதல் கூட்டத்துக்கு முன்னாடியே சுத்தி இருக்கற நாலு வீட்டுக்கும் நேர்ல போயி "வாரத்துல ஒரு நாள் ஒரு மணி நேரம் பாடுவோம், தொந்தரவா இருந்தா எனக்கே கூப்பிடுங்க"ன்னு நம்பர் கொடுங்க. ஆடி மாசம் கோயில்ல கூழ் ஊத்தும்போது அவங்க ஸ்பீக்கர் சத்தத்தை நீங்களும் பொறுத்துக்கோங்க.

மத்த சபை ஆளுங்க விஷயம். புது சபைன்னு தெரிஞ்சதும் முதல்ல வர்றவங்க பாதிப் பேரு வேற சபைல கோவிச்சுக்கிட்டு வந்தவங்களா இருப்பாங்க, கூட்டம் திடீர்னு நிறைஞ்ச மாதிரி இருக்கும், மனசுக்கு சந்தோஷமாவும் இருக்கும். ஆட்டைத் திருடி சபை கட்ட வேண்டாம். அடுத்தவர் போட்ட அஸ்திபாரத்து மேல கட்டமாட்டேன்னு ரோமர் 15ல பவுல் எழுதினாரு. அவங்க பழைய பாஸ்டருக்கு போன் பண்ணி "ஐயா, உங்க சபைக் குடும்பம் இங்க வந்திருக்காங்க, என்ன பிரச்சனைன்னு பேசுவோமா"ன்னு கேளுங்க. சில பேரு திரும்பிப் போயிருவாங்க, போகட்டும். அந்த ஏரியால ஏற்கனவே இருக்கற சிஎஸ்ஐ ஆயர், கத்தோலிக்க பங்குத் தந்தை, மத்த பெந்தெகொஸ்தே ஊழியர்கள் எல்லாரையும் முதல் மாசத்துலயே போயி பாத்து வணக்கம் சொல்லுங்க.

பணம், பேப்பர், இந்த வேலைய வியாழக்கிழமை மதியத்துக்குன்னு ஒதுக்குங்க, இல்லாட்டி தள்ளிக்கிட்டே போகும். காணிக்கை ஒரு ரூபா வாங்கறதுக்கு முன்னாடி டிரஸ்ட் பத்திரம் எழுதி சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணிடுங்க, டிரஸ்ட் பேர்ல பான் கார்டு, பேங்க் அக்கவுண்ட், ரெண்டு பேர் கையெழுத்து. உங்க சொந்த ஜிபே நம்பரை திரையில போடவே போடாதீங்க. டிரஸ்டிங்க எல்லாரும் உங்க மச்சான், மாமனார்னு வைக்காதீங்க. டிரஸ்டோட வருமான வரி விலக்குக்கு 12ஏபின்னு சொல்லிட்டு வந்த பதிவு இருக்கு, ஆனா காணிக்கை கொடுக்கறவங்களுக்கு வரிச் சலுகை தர்ற 80ஜி மாதிரி பதிவு மத காரியத்துக்கு மட்டும்னு இருக்கற டிரஸ்டுக்குக் கிடைக்காது, காணிக்கை கொடுக்கறவங்ககிட்ட அதை மொதல்லயே சொல்லிடுங்க. வெளிநாட்டுக்காரங்க ஒருத்தர் அன்பா ஊழியத்துக்குன்னு பணம் அனுப்பறேன்னு சொல்வாரு, எஃப்சிஆர்ஏங்கற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ அரசோட முன் அனுமதியோ இல்லாம அதை வாங்கக் கூடாது, அந்தப் பதிவுக்கு டிரஸ்ட் 3 வருஷமாவது நடந்திருக்கணும், அதுவரைக்கும் வேண்டாம்னு சொல்லிடுங்க, கஷ்டமா இருந்தாலும்.

இன்னும் ரெண்டு விஷயம் யாரும் முன்னாடியே யோசிக்கறதில்ல, கல்யாணமும் அடக்கமும். தனி சபை பாஸ்டர் கல்யாணம் நடத்தி வைக்கணும்னா 1872 இந்திய கிறிஸ்தவ திருமணச் சட்டப்படி அரசு லைசென்ஸ் வேணும், அது இல்லாத வரைக்கும் லைசென்ஸ் இருக்கற போதகரைக் கூப்பிட்டுக்கோங்க. அடக்கம் அதைவிட அவசரம். சென்னைல கல்லறை இடம் கிடைக்கறது எவ்வளவு கஷ்டம்னு கீழ்ப்பாக்கம் போயி பாத்தாலே தெரியும். ஒரு விசுவாசி வீட்டுல சாவு விழுந்த அன்னைக்கு ராத்திரி நீங்க ஒவ்வொரு சபையா போன் பண்ணி கெஞ்சற நிலைமை வரக்கூடாது. எந்தக் கல்லறைல யார் அனுமதி தரணும், எவ்வளவு ஆகும், ஐஸ் பாக்ஸ் யாருகிட்ட, இதையெல்லாம் இப்பவே விசாரிச்சு அந்த நோட்டுலயே கடைசிப் பக்கத்துல எழுதி வைங்க.

வீட்டைப் பத்தி கொஞ்சம். பாஸ்டரம்மான்னா ஞாயிறு பள்ளி, சமையல், பெண்கள் கூட்டம் எல்லாம் அவங்க தலையிலன்னு யாரும் முடிவு பண்ணக் கூடாது, நீங்களும்தான். அவங்களுக்கு எது வரும், எது பிடிக்கும்னு கேளுங்க. திங்கக்கிழமை லீவு, போன் மனைவிகிட்ட இருக்கட்டும், ஆஸ்பத்திரி அவசரம்னா மட்டும் கொடுப்பாங்க. பிள்ளைங்க புது ஸ்கூல்ல செட் ஆக நாள் ஆகும், அவங்களைக் கூட்டத்துக்கு முன்னாடி நிறுத்தி மனப்பாட வசனம் சொல்ல வைக்காதீங்க. தாய் சபைல மூத்த ஊழியர் ஒருத்தர்கிட்ட மாசம் ஒரு தடவை போயி உக்காந்து மனசுல இருக்கறதைக் கொட்டுங்க, தனியா இருக்கற ஊழியக்காரர் சோர்ந்து போறது வெளில தெரியறதுக்குள்ள ரொம்ப லேட் ஆயிரும்.

இதெல்லாம் ஓடிக்கிட்டிருந்து, மூணு நாலு வீட்டுல ஜெபக்கூட்டம் தானா நடக்குது, நீங்க ஒரு வாரம் ஊர்ல இல்லாட்டியும் நிக்கலைன்னா, அப்ப ஹால் தேடுங்க. கல்யாண மண்டபம் வேண்டாம், ஆவணி, தை, பங்குனில ஞாயித்துக்கிழமை முகூர்த்தம் வந்தா உங்களை வெளில நிறுத்திடுவாங்க. ஸ்கூல் ஹால் நல்லது, ஞாயிறு சும்மாதான் இருக்கும். கடைக்கு மேல மாடின்னா வாடகை 25,000ன்னா பத்து மாச அட்வான்ஸ் 2,50,000 கேப்பாங்க, வழிபாட்டுக்குத்தான் எடுக்கறோம்னு அக்ரிமெண்ட்ல தெளிவா எழுதி வாங்குங்க, ஓனர்கிட்ட "ஆபீஸ்"னு சொல்லி எடுக்காதீங்க. அதுக்கு அரசு அனுமதி என்னென்ன வேணும்னு ஒரு வக்கீலைக் கேளுங்க, சொந்தமா வழிபாட்டுக்குன்னு கட்டறதா இருந்தா கலெக்டர் அனுமதி வரைக்கும் போகும். பெண்களுக்குத் தனி டாய்லெட், முட்டி வலிக்கற பாட்டி ஏற முடியற படி, பக்கத்துல பஸ் ஸ்டாப், இந்த மூணும் ஏசியைவிட முக்கியம்.

தேதி டிசம்பர்ல வைக்காதீங்க. நம்ம ஆளுங்க பாதிப் பேரு திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம், கிறிஸ்மஸ் வாரம் எல்லாரும் கிளாம்பாக்கத்துல பஸ் ஏறியிருப்பாங்க. ஏப்ரல் மேயும் அதே கதை, லீவு, ஊர்த் திருவிழா, சபையோட அசன விருந்து. ஜூன் ரெண்டாவது ஞாயிறு பாருங்க, ஸ்கூல் தொறந்து எல்லாரும் ஊர்ல இருந்து திரும்பியிருப்பாங்க, புதுசா வேலைக்கு வந்த பசங்களும் ஹாஸ்டல்ல செட்டில் ஆகத் தொடங்கியிருப்பாங்க. சனிக்கிழமை சாயங்காலமே போயி ஹாலைக் கூட்டி, பிளக் பாயிண்ட் எல்லாம் வேலை செய்யுதான்னு பாத்து, ரெண்டு கேன் தண்ணி இறக்கி வச்சிட்டு, வாட்ச்மேன் அண்ணன்கிட்ட மறுநாள் காலைல எட்டு மணிக்கு கேட்டைத் தொறக்கச் சொல்லிட்டு வாங்க.