குதிரை முதுகில் எத்தனை கிலோ ஏற்றலாம்?

கொடைக்கானல் ஏரிக்கரையில் என் மட்டக்குதிரையில் ஏற வருகிறவர்களிடம் முதலில் எடையைத்தான் கேட்பேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான் அதன் முதுகுக்கு. ஆள், கம்பளி, சேணம் எல்லாம் அதில் அடக்கம். சேணத்தைத்தான் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

குதிரையை நிறுக்க எடைமேடை தேவையில்லை. முன்னங்காலை ஒட்டிப் பின்னால், பிடரி முடிகிற மேட்டோடு சேர்த்து நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். தையல் டேப் 150 சென்டிமீட்டர்தான் இருக்கும். பெரிய குதிரைக்கு எட்டாது, கயிற்றால் சுற்றி அப்புறம் அளந்துகொள்ளுங்கள். அடுத்து, தோள் முனையிலிருந்து புட்டத்து முனை வரை நீளம். நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை வந்துவிடும்.

என் குதிரைக்கு நெஞ்சு 150 சென்டிமீட்டர், நீளம் 130 சென்டிமீட்டர். எடை 246 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு 49. சேணமும் கம்பளியும் 8 கிலோ போனால் மிச்சம் 41. பத்து வயதுப் பிள்ளைக்குச் சரி, கூட வந்த அப்பாவுக்கு ஆகாது.

2008-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தங்கள் எடையில் 30 சதவீதம் சுமந்த குதிரைகளுக்குத் தசைவலி நன்றாகவே தெரிந்தது. இடுப்பு அகலமானவை கொஞ்சம் தாங்கின. கிழக்குதிரை, மேட்டுப்பாதை என்றால் இன்னும் குறையுங்கள்.

சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் முதுகெலும்பின் இருபுறமும் விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். முதுகைத் தாழ்த்தினாலோ காதைப் பின்னால் மடித்தாலோ, அன்றைக்குச் சுமை அதிகம்.