ஜப்பானுக்கு ஊழியம் போகும் இளம் மிஷனரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப் பட்டை, கையில் சைக்கிள். ஜப்பானில் ஓரளவு பெரிய ஊரின் ரயில் நிலையத்துக்கு அடிக்கடி போய்வருகிறவர்கள் இப்படி இரண்டு பேரை என்றாவது பார்த்திருப்பார்கள். உலகம் மார்மன் என்று சொல்லும், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் மிஷனரிகள் அவர்கள். பலர் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கிளம்பி வருகிறார்கள். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். சம்பளம் கிடையாது, தாங்களோ குடும்பமோ மாதாமாதம் பணம் கட்டித்தான் வரவேண்டும். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்கு 2020 ஜூலையில் அந்தத் தொகை 400 டாலரிலிருந்து 500 ஆனது.

நானும் இந்தச் சபையைச் சேர்ந்தவன்தான். நகோயா பக்கம் குடியிருந்த காலத்தில் இந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்கிறேன், அவர்களோடு பாடம் சொல்லப் போயிருக்கிறேன். நல்ல பிள்ளைகள். காலை 6:30-க்கு எழுந்து, படித்து, ஜெபித்து, வெயிலிலும் பனியிலும் சைக்கிள் மிதித்து, இரவு 10:30-க்கு விளக்கை அணைக்கிறவர்கள். உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்களில் பலர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். கதவைத் திறந்தவரை ஒற்றை ஆளாகவே பார்க்கிறார்கள். அவருக்குப் பின்னால் ஒரு வீடும், அதன் பெரியவர்களும், குடும்பக் கல்லறையும், தெருவும் சேர்ந்து நிற்பது கண்ணில் படுவதில்லை. கீழே சொல்லும் தவறுகளில் முக்கால்வாசி இதிலிருந்து வருபவை.

குப்பை, சத்தம், சைக்கிள்

பாடம் சொல்வதற்கு வெகு முன்பே தெரு உங்களைப் பார்த்துவிடுகிறது. முதலில் பார்ப்பது உங்கள் குப்பையை.

எரியும் குப்பைக்கு ஒரு நாள், பிளாஸ்டிக்குக்கு ஒரு நாள், பாட்டிலுக்கும் டின்னுக்கும் வேறு நாள். நகராட்சிக்கு நகராட்சி விதி மாறும். பல ஊர்களில் அவர்கள் குறித்த பையில்தான் போட வேண்டும், அதுவும் அன்று காலையில்தான். முந்தின இரவே வைத்தால் விடிவதற்குள் காக்கை கிழித்துப் போட்டுவிடும். அதற்காகத்தான் பையின் மேல் வலை போர்த்துகிறார்கள். சரியாகப் பிரிக்காத பையை வண்டிக்காரர் எடுக்க மாட்டார். எச்சரிக்கை ஸ்டிக்கரை ஒட்டி அங்கேயே விட்டுவிட்டுப் போவார். அந்த இடத்தைப் பெருக்குவது பல தெருக்களில் குடியிருப்பவர்களின் முறைவேலை. ஆக, நீங்கள் அவசரத்தில் வைத்த பையைத் திறந்து, உள்ளே கிடக்கும் தயிர் டப்பாவைத் தனியே எடுத்துக் கழுவி வைப்பது எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியாக இருக்கலாம். அடுத்த வாரம் அதே பாட்டியின் வீட்டு மணியை அழுத்தி, "உங்கள் குடும்பத்துக்கு ஒரு நற்செய்தி" என்று ஆரம்பித்தால் எப்படி இருக்கும்?

மிஷனரி வீடுகளில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும், விதி தெரிந்தவர் போய்விடுவார். அதனால் நகராட்சியின் குப்பை அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டிவையுங்கள். புதிதாக வருகிறவருக்கு முதல் நாளே அதைக் காட்டுங்கள்.

காலை உடற்பயிற்சியும் அப்படித்தான். பழைய அடுக்ககங்களில் சுவரும் தரையும் மெல்லியவை. காலை ஆறரைக்கு நீங்கள் கயிறு தாண்டினால் கீழ்வீட்டில் கேட்கும். வெளியே போய் ஓடுங்கள். கீதமும் அந்த நேரத்தில் மெதுவாகவே இருக்கட்டும்.

சைக்கிளுக்குத் திருட்டுத் தடுப்புப் பதிவு ஸ்டிக்கர் உண்டு. போலீஸ்காரர் நிறுத்தினால் அந்த எண்ணைத்தான் சரிபார்ப்பார். முன்பிருந்த எல்டர் (ஆண் மிஷனரியை இப்படித்தான் கூப்பிடுவோம்) விட்டுப்போன சைக்கிளைப் பெயர் மாற்றாமல் ஓட்டினால், திருட்டு வண்டி இல்லை என்று நடுரோட்டில் நின்று விளக்க வேண்டியிருக்கும். குடியிருப்பு அட்டையும் எப்போதும் கையில் இருக்க வேண்டும், அது சட்டம். இருவர் பேசிக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவதும், மழையில் குடை பிடித்து ஓட்டுவதும் கூடாது. ஊரே அடையாளம் தெரிந்துகொள்ளும் உடை உங்களுடையது. ஒருவர் செய்வது இருபது பேர் கணக்கில் சேரும்.

தேநீர்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நமக்கு மது, புகையிலை, காபி, தேயிலை நான்கும் இல்லை. பச்சைத் தேநீர் தேயிலைதான்; வறுத்த ஹோஜிச்சாவும் தேயிலைதான். பார்லியை வறுத்துக் காய்ச்சும் முகிச்சா தாராளமாகக் குடிக்கலாம், கோடையில் எல்லா வீட்டிலும் இருக்கும். தவறு எங்கே நடக்கிறது என்றால், கொண்டுவந்து வைத்த கோப்பையைத் தொடாமல் ஆறவிடுவதில். அதைவிட மோசம், இந்தக் கட்டுப்பாட்டைச் சொல்லும் ஞான வார்த்தையைப் பற்றி அங்கேயே ஒரு பாடம் எடுப்பது. உட்காரும்போதே, அவர் அடுப்படிக்குப் போவதற்கு முன்பே, "எங்களுக்குத் தண்ணீர் போதும்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள்.

பீடமும் கல்லறையும்

இனி பாடம் சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். மற்ற எல்லாத் தவறையும்விட இதில் செய்யும் தவறுதான் அதிகம் காயப்படுத்துகிறது.

பல ஜப்பானிய வீடுகளில் ஒரு புத்த பீடம் இருக்கும். கதவு வைத்த சின்ன அலமாரி மாதிரி. உள்ளே இறந்துபோன பெரியவர்களின் பெயர்ப் பலகைகள், பக்கத்தில் புகைப்படம். காலையில் வடித்த சோற்றில் முதல் கரண்டி அங்கே போகும். யாராவது பழமோ இனிப்போ கொண்டுவந்தால் அதையும் முதலில் அங்கே வைத்துவிட்டுத்தான் பிரிப்பார்கள். ஒருமுறை நான் கூடப் போன வீட்டில், இரண்டு சிஸ்டர்கள், அதாவது பெண் மிஷனரிகள், தாங்களே சுட்டு எடுத்துவந்த பிஸ்கட் டப்பாவை அந்த வீட்டு அம்மா அப்படியே கொண்டுபோய்ப் பீடத்தின் முன் வைத்து, மணியை ஒரு தட்டுத் தட்டி, கும்பிட்டார். புதிதாக வந்திருந்த சிஸ்டரின் முகம் சட்டென்று மாறிவிட்டது. மூத்த சிஸ்டர், "படத்தில் இருப்பது யார்?" என்று கேட்டார். அம்மா தன் மாமியாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் வெகுநேரம் நிறுத்தவில்லை. அன்று பாடம் எதுவும் நடக்கவில்லை. நடக்க வேண்டிய அவசியமும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பீடத்தைப் பார்த்ததும் 'விக்கிரக ஆராதனை' என்று மனசுக்குள் முத்திரை குத்திவிட்டால் அந்த வீட்டில் உங்களுக்கு அடுத்த வார்த்தை இல்லை. நம் பக்கத்தில், பிள்ளை மதம் மாறினால் நாளைக்குத் திதி கொடுப்பது யார் என்று ஒரு அப்பா கேட்பதில்லையா? ஜப்பானிய அப்பா கேட்பதும் அதே கேள்விதான். குடும்பக் கல்லறையின் பொறுப்பு வழக்கமாக மூத்த மகனுக்கு. ஆகஸ்ட் நடுவில் பல ஊர்களில் முன்னோரை நினைக்கும் ஓபோன் வரும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சம இரவு நாளை ஒட்டி ஒரு வாரம் வரும். குடும்பமாகப் போய்க் கல்லறையைக் கழுவி, பூ வைத்துவிட்டு வருவார்கள். மகன் ஞானஸ்நானம் எடுத்தால் இதெல்லாம் நின்றுபோகுமோ என்பதுதான் பெற்றோரின் பயம். திரித்துவமோ தீர்க்கதரிசியோ அவர்களுக்கு இரண்டாம் பட்சம்.

அதனால் ஞானஸ்நானத் தேதி குறிப்பதற்கு முன்பே இதைப் பேசுங்கள். கல்லறையைக் கழுவப் போகலாம், பூ வைக்கலாம், முன்னோர்களை நினைக்கலாம். யாரும் தடுக்கப்போவதில்லை என்பதை முடிந்தால் பெற்றோரை நேரில் பார்த்தே சொல்லுங்கள். இன்னொன்றும் உங்கள் கையில் இருக்கிறது. இறந்துபோன முன்னோருக்காக உயிரோடு இருப்பவர் ஞானஸ்நானம் எடுக்கும் வழக்கம் நம் சபையில் 1840-லிருந்து உண்டு; இப்போது அது ஆலயத்தில் நடக்கிறது. டோக்கியோ ஆலயம் 1980-ல் திறந்தது, ஆசியாவிலேயே முதலாவது. பிறகு ஃபுகுவோகா, சப்போரோ, 2023-ல் ஒகினாவா. குடும்ப வரலாறு தேடுவது நமக்கு ஊழியத்தின் ஒரு பகுதியே. ஜப்பானில் கோசெகி என்ற குடும்பப் பதிவேடு இருக்கிறது. நேர்வழி முன்னோரின் பழைய பதிவை வாரிசுகள் நகராட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். கொள்ளுத் தாத்தாவின் பெயரைத் தேட உதவி செய்கிற மதம், முன்னோரை விட்டுவிடச் சொல்லும் மதம் இல்லை என்பது அந்த அப்பாவுக்குச் சொல்லாமலே புரியும். இவ்வளவு நல்ல கதவு திறந்திருக்க, நான்காம் பாடம் வரைக்கும் முன்னோர் பேச்சையே எடுக்காத எல்டர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

தலையாட்டலை நம்புவது, தேதிக்கு அவசரப்படுவது

ஜப்பானியர் கேட்கும்போது தலையை ஆட்டிக்கொண்டே, இடையிடையே ஒரு சத்தம் கொடுத்துக்கொண்டே கேட்பார்கள். "சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்று பொருள். அமெரிக்காவில் புரோவோ ஊரிலுள்ள மிஷனரி பயிற்சி மையத்தில் சில வாரம் படித்துவிட்டு வரும் பையனுக்கு ஜெபிக்கத் தெரியும், சாட்சி சொல்லத் தெரியும். கடையில் பல்வலி மாத்திரை கேட்கத் தெரியாது. மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, எதிரே தலை ஆடியதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வான். ஒப்பிப்பதைப் பாதியில் நிறுத்துங்கள். "இது உங்கள் வீட்டில் எப்படி?" என்று கேளுங்கள். பதில் முழுக்கப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. உங்களோடு ஜோடியாக ஊழியம் செய்கிறவர் ஜப்பானியராக இருந்தால் எல்லாப் பேச்சையும் அவர் தலையில் கட்டிவிட்டு பொம்மை மாதிரி உட்காராதீர்கள். கேட்பவர் முன்னால் இருவரும் ஆங்கிலத்தில் குசுகுசுக்கவும் வேண்டாம்.

மொழி மெதுவாகத்தான் வரும். 1901 ஆகஸ்டில் யோகோஹாமாவில் இறங்கிய முதல் நால்வரில் ஆல்மா டெய்லருக்கு 19 வயது. நம் வேத நூலான மார்மன் புஸ்தகத்தின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு அவர் உழைப்பில் 1909-ல் வந்தது. 1924-ல் மிஷன் மூடப்பட்டபோது சேர்ந்தவர்கள் 200 பேர்கூட இல்லை. அதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை.

தோல்வி என்று நான் நினைப்பது வேறு. 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பேஸ்பால் விளையாட்டைக் காட்டிச் சிறுவர்களைச் சேர்த்து, வேகவேகமாக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 1970-களின் கடைசியில் டோக்கியோ தெற்கு மிஷனிலும் இப்படி ஒரு வேகம் வந்தது. ரயில் நிலையத்தில் சந்தித்த இளைஞர்களுக்குச் சுருக்கமான பாடம், உடனே ஞானஸ்நானம். எண்ணிக்கை எகிறியது, அவர்களில் பெரும்பாலானோர் திரும்ப வரவே இல்லை. வீட்டில் யாருக்கும் தெரியாமல் நனைந்து, யாருக்கும் தெரியாமலே நின்றுபோனவர்கள் அதில் எத்தனையோ பேர். அந்தப் பெயர்ப் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத் தேடும் வேலை பின்னால் வந்த சபையார் தலையில் விழுந்தது. வாராந்தர அறிக்கையில் எழுத ஒரு எண் வேண்டும் என்பதற்காகத் தேதி குறிக்காதீர்கள். அவர் பல வாரம் ஆராதனைக்கு வந்து, நாலு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகட்டும்.

பெயரை மறைப்பது

இலவச ஆங்கில வகுப்பு நடத்துவது ஜப்பானில் பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் துண்டுப் பிரசுரத்தில் சபையின் பெயரைப் பொடி எழுத்தில் ஒளிக்கக்கூடாது. 1995-ல் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் குழுவின் ஆட்கள் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயு வீசிய பிறகு, புதிய மதம் என்றாலே மக்களுக்குப் பயம். 2022-ல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே கொல்லப்பட்டதும், கொன்றவரின் தாய் பெரும்பணம் கொடுத்திருந்த ஒருங்கிணைப்புச் சபை என்ற மத அமைப்பின் நன்கொடை விவகாரம் பெரிதாக வெளியே வந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே, முறையற்ற வகையில் நன்கொடை வசூலிப்பதைத் தடுக்கும் சட்டமும் வந்துவிட்டது. யார் என்று சொல்லாமல் பழகி, பிறகு மதத்தை எடுப்பதுதான் இந்த ஊர் அஞ்சும் அடையாளம். வகுப்பின் கடைசியில் சில நிமிடம் வேத சிந்தனை உண்டு, வேண்டாதவர்கள் தாராளமாகக் கிளம்பலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தசமபாகத்தையும் ஞானஸ்நானத்துக்கு முன்பே, எவ்வளவு, ஏன், கொடுக்காவிட்டால் என்ன என்று முழுசாக விளக்குங்கள். வீட்டாரும் கேட்கும்படி சொன்னால் இன்னும் நல்லது.

உடம்பு சரியில்லாததை மறைப்பது

ஜப்பானியக் கோடையின் புழுக்கத்தில் டையோடு சைக்கிள் மிதித்து மயங்கி விழுகிறவர்கள் உண்டு. குளிர்காலத்தில் மண்ணெண்ணெய் ஹீட்டரைப் போட்டு ஜன்னலை இறுக மூடுகிறவர்களும் உண்டு. அது உயிருக்கே ஆபத்து, அவ்வப்போது காற்று வர விடுங்கள். மனசு சரியில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பேச அனுமதி இருக்கிறது. முன்பு கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். அம்மாவிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நடிப்பதற்கு அந்த அழைப்பு எதற்கு? மிஷன் தலைவரிடமும் மறைக்காதீர்கள். இரண்டு வருடம் முடியாமல் பாதியில் வீடு திரும்பினால் ஊர் என்ன பேசுமோ என்று பயந்து, சாப்பிடாமல் தூங்காமல் ஓட்டுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தவரைப் பேசுகிற ஊர்தான் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

மாற்றல் வரும்போது

ஆறு வாரம் முடிந்து போன் வரும், இரண்டு நாளில் வேறு ஊர். பாடம் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். அவருக்குத் தெரிந்த ஒரே முகம் போய்விடுகிறது. இதற்கான ஏற்பாட்டைக் கடைசி வாரத்தில் செய்ய முடியாது. இரண்டாவது பாடத்திலேயே வார்டிலிருந்து (உள்ளூர் சபையிலிருந்து) அவர் வயசுக்கு, அவர் குடும்ப நிலைக்கு ஒத்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஒரு இல்லத்தரசிக்கு உங்களைவிட அதே வயதுப் பிள்ளைகளை வளர்க்கும் இன்னொரு அம்மாவிடம் பேச ஆயிரம் இருக்கும். கிளம்பும் முன் புது மிஷனரியோடு நேரில் போய் விடைபெறுங்கள். பதிவேட்டில் எந்தப் பாடம் முடிந்தது என்று மட்டும் எழுதாமல், அப்பாவுக்குக் கல்லறை பற்றிக் கவலை, பாட்டிக்குக் காது சரியாகக் கேட்காது, இரவு எட்டுக்கு மேல் மணி அடிக்க வேண்டாம் என்பதையும் எழுதிவையுங்கள்.