ஆப்-ஆம்ப்பில் பிஐடி கட்டும்போது சறுக்கும் இடங்கள்

எல்எம்35 வெப்பநிலை சென்சார், 12 வோல்ட் ஹீட்டர், நடுவே சில ஆப்-ஆம்ப்கள் (சிக்னலைப் பெருக்கும் ஐசிகள்). வேண்டிய வெப்பநிலைக்கும் இருப்பதற்கும் உள்ள பிழையின் அளவு (பி), அது சேர்ந்துகொண்டே போகும் தொகை (ஐ), அது மாறும் வேகம் (டி) ஆகியவற்றைப் பார்த்து ஹீட்டரை இயக்குவதுதான் பிஐடி. கல்லூரி புராஜெக்ட்டுகளில் அடிக்கடி பார்க்கும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டு சர்க்யூட் இது. சரியாக ஓடாவிட்டால் பலரும் உடனே கெயினை (பெருக்கும் அளவை) திருக ஆரம்பித்துவிடுகிறார்கள். ட்யூனிங் கடைசி வேலை. கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே இருக்கும்.

முதலில் குறியை, அதாவது ப்ளஸ்ஸா மைனஸா என்பதைப் பாருங்கள். ஒவ்வொரு இன்வர்ட்டிங் நிலையும் குறியைப் புரட்டும், டிரைவர் டிரான்சிஸ்டரும் புரட்டலாம். எண்ணிக்கை ஒன்று தவறினால் நெகட்டிவ் ஃபீட்பேக் (சூடு ஏறினால் ஹீட்டரைக் குறைப்பது) பாசிட்டிவ் ஆகிவிடும், ஹீட்டர் ஒன்று எரியவே எரியாது, இல்லையென்றால் முழு வேகத்தில் எரிந்துகொண்டே இருக்கும். சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு பொட்டென்ஷியோமீட்டரை வையுங்கள். வோல்டேஜை ஏற்றினால் ஹீட்டருக்குப் போகும் மின்னோட்டம் இறங்க வேண்டும். இதைப் பார்க்க பி பகுதி மட்டும் போதும்.

அடுத்து, கையில் கிடைத்த ஐசியைப் போடுவது. டிஎல்072 நல்ல ஆப்-ஆம்ப் ஐசிதான். ஆனால் அதை ஒற்றை 12 வோல்ட் சப்ளையில் ஓட்டினால், 30 டிகிரியில் எல்எம்35 தரும் 300 மில்லிவோல்ட் அதன் இன்புட் எல்லைக்குள் வராது. அவுட்புட் தலைகீழாகப் புரண்டுவிடலாம். இன்னொரு ஆப்-ஆம்ப்பான எல்எம்358 கிரவுண்ட் (0 வோல்ட்) வரை படிக்கும், ஆனால் அவுட்புட் சுமார் 10.5 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. அதை வைத்து மேல்பக்கத்தில் ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டரை அணைக்கப் பார்த்தால் அணையாது.

அதிகம் படுத்துவது ஐ பகுதியான இன்டக்ரேட்டர்தான். லூப்பை மூடாமல், அதாவது சென்சாரோடும் ஹீட்டரோடும் இணைக்காமல், தனியாகச் சோதித்துவிட்டு, ‘தானாக ஏறுகிறது, ஐசி போச்சு’ என்று தூக்கிப் போடாதீர்கள். சில மில்லிவோல்ட் ஆஃப்செட் (ஐசியின் இன்புட்டில் இயல்பாகவே இருக்கும் சிறு வோல்டேஜ் பிசகு) இருந்தாலே அது ஏறத்தான் செய்யும். லூப் மூடியதும் அந்த ஏற்றம் நின்று, சிறிய நிலையான பிழையாக மட்டும் மிஞ்சும். எல்எம்35 டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தருவதால், 3 மில்லிவோல்ட் ஆஃப்செட் என்றால் 0.3 டிகிரி. 741 என்ற பழைய ஆப்-ஆம்ப்பைப் போட்டால் கதையே வேறு. அதன் பயாஸ் மின்னோட்டம் (இன்புட் கால்களில் ஓடும் சிறு மின்னோட்டம்) சுமார் 80 நானோஆம்பியர். 1 மெகாஓம் ரெசிஸ்டரில் அது 80 மில்லிவோல்ட், அதாவது 8 டிகிரி! ஹீட்டர் மெதுவான பொருள், இன்டக்ரேட்டரும் மெதுவாக ஏற வேண்டும், அதற்குப் பெரிய ரெசிஸ்டர் இல்லாமல் முடியாது. ஆகவே பயாஸ் மின்னோட்டம் மிகக் குறைந்த டிஎல்072-வே இரட்டை சப்ளையில் (ப்ளஸ், மைனஸ் இரண்டும் தருவது) மேல். கெப்பாசிட்டரைப் பெரிதாக்கி ரெசிஸ்டரைக் குறைக்கலாம் என்று எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குப் போக வேண்டாம்: அதில் மின்னோட்டம் கசியும், போலாரிட்டியும் உண்டு. ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்கள்.

அப்புறம் விண்ட்அப். 30-லிருந்து 60 டிகிரிக்கு ஏறும் நேரம் முழுக்க பிழை ஒரே பக்கம் இருப்பதால் இன்டக்ரேட்டர் சப்ளை எல்லையில் போய் முட்டிக்கொள்ளும். 60-ஐத் தாண்டிய பிறகும் அது இறங்கி வர நேரமாகும், அதுவரை பெட்டி சூடாகிக்கொண்டே போகும். கெப்பாசிட்டருக்குக் குறுக்கே இரண்டு ஜீனர் டயோடுகளை (வோல்டேஜ் ஓர் அளவைத் தாண்டாமல் பிடிப்பவை) எதிரெதிராக வைத்தால் இது வெகுவாகக் குறையும்.

டி பகுதி? ஹீட்டருக்கு அது பெரும்பாலும் தேவையே இல்லை. வேண்டும் என்றால் இன்புட் கெப்பாசிட்டருடன் தொடரில் ஒரு ரெசிஸ்டர் கட்டாயம். இல்லாவிட்டால் இரைச்சலைத்தான் பெருக்கும்.

கடைசியாக கிரவுண்ட். ஹீட்டரின் 1 ஆம்பியர், சென்சாரும் பயன்படுத்தும் கம்பி வழியாகத் திரும்பினால், 50 மில்லிஓம் போதும்: 50 மில்லிவோல்ட், 5 டிகிரி பிழை. அதுவும் ஹீட்டர் எரியும்போது மட்டும் தலைகாட்டும் பிழை. ஹீட்டருக்குத் தனிக் கம்பி இழுத்து, இரண்டையும் பவர் சப்ளையின் முனையில் மட்டும் சேருங்கள்.