கறுப்பு பெல்ட்டோடு ரிங்கில் ஏறுமுன்

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிரட்டுக்களத்தில் (தொழிலாளர்களுக்குக் காலையில் வேலை பிரிக்கும் இடம்) ஞாயிறு காலைகளில் கராத்தே சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே கட்டாவை, அதாவது எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவு வரிசையை, மிக அழகாகச் செய்கிற தம்பி ஒருவன், "மாஸ்டர், கிக் பொக்சிங் போட்டிக்குப் பேர் குடுக்கவா?" என்று கேட்டான். கையுறை மாட்டி, மூக்கில் மெதுவாக ஒரு குத்து வைத்தேன். கண்ணை இறுக்க மூடி முகத்தைத் திருப்பினான். இரண்டு கையும் கீழே போய்விட்டது. ஆறு வருடப் பயிற்சியில் அவன் முகத்தில் யாருமே தொட்டதில்லை. அது அவன் குறையில்லை, நான் பழக்கிய விதம்.

புள்ளிக் குமித்தேயில், அதாவது புள்ளிக்காக மோதும் கராத்தே போட்டியில், வாங்கிய மெடலை நம்பி ரிங்கில் ஏறுவதுதான் பெரிய தவறு. அதில் புள்ளி விழுந்ததும் நடுவர் நிறுத்துவார். பலமாக அடித்தால் குற்றம். டோக்கியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் முன்னிலையில் இருந்த சவூதி வீரர் ஹமெதி, தலைக்கு ஓர் உதை விட்டு ஈரானின் கஞ்சாதேயை வீழ்த்தினார். தங்கம் விழுந்தவருக்குத்தான் போனது. அந்த விதிக்கு அது சரி. ஆனால் ஒரு அடி பட்டதும் நின்றுவிட உடம்பு பழகியிருக்கும். முழுப் பலத்தோடு அடிக்கிற முழுத்தொடர்புப் போட்டியில் எதிராளியின் அடுத்த கை அப்போதுதான் வரும்.

கியோகுஷின் என்ற முழுத்தொடர்புக் கராத்தே பழகியவர்களுக்கு அடி வாங்கத் தெரியும். ஆனால் அங்கே முகத்தில் கையால் குத்தக்கூடாது என்பதால், நெருங்கிப் போகும்போது அவர்களுக்கும் கை இறங்கிவிடும்.

"மலையேறி இறங்குகிற பிள்ளைகள், மூச்சு வாங்காது" என்பார்கள். வாங்கும். அடிபடும் பயத்தில் மூச்சை அடக்குகிறவனுக்கு இரண்டாவது ரவுண்டிலேயே கை கனக்கும். மூன்று நிமிட ரவுண்டுகளாக, திருப்பி அடிக்கிற ஆளோடுதான் பழக வேண்டும்.

அதற்காகத் தினமும் முழு வேகத்தில் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்வது எனக்கு இன்னும் பெரிய பயம். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை அதிர்வதைத் தடுக்காது. அடிபட்ட பிறகு தலைவலி, வாந்தி, தடுமாற்றம் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. டாக்டர் சரி என்று சொல்லும்வரை கையுறையைத் தொடவே கூடாது.

அப்புறம், பழைய கலையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஷோட்டோகான் கராத்தேயில் வளர்ந்த லியோட்டோ மச்சிடா 2009இல் யுஎஃப்சி என்ற கலப்புச் சண்டைப் போட்டியில் பட்டம் வென்றார். தூரத்தை அளந்து நிற்பதும் சட்டென்று உள்ளே பாய்வதும் கராத்தே கொடுத்தவை. கூடவே மல்யுத்தமும் ஜூஜித்சுவும் பழகினார்.

தம்பி இந்த வருடம் பேர் கொடுக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள், கால்வாசி வேகத்தில் முகத்துக்குக் குத்தி வாங்கிப் பழகுகிறான். போன ஞாயிறு என் குத்து வந்தபோது அவன் கண் திறந்தே இருந்தது.