நீர் மாத்திரை வருடக்கணக்கில் போகிறதா? முதலில் எடை மெஷின் வாங்குங்கள்

ஹார்ட் ஃபெயிலியருக்கு (இதயம் ரத்தத்தைச் சரியாக இறைக்க முடியாத நிலை) நீர் மாத்திரை, அதாவது தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை, சாப்பிடுகிறவர்கள் வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தே ஆக வேண்டும். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால் ஏறி நின்று, அந்த எண்ணைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். உடம்பில் 1 லிட்டர் நீர் தேங்கினால் 1 கிலோ ஏறும், கால் வீங்குவதற்கு முன்பே மெஷின் சொல்லிவிடும். 3 நாளில் 2 கிலோ கூடினால் டாக்டருக்குப் போன் போடுங்கள். ராத்திரி படுத்தால் மூச்சு வாங்குகிறது, தலையணை ஒன்று கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றால் எடையைக்கூடப் பார்க்க வேண்டாம், உடனே பேசுங்கள்.

வீக்கம் வடிந்துவிட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அது வடிந்ததே மாத்திரையால்தான்.

லேசிக்ஸ் என்ற நீர் மாத்திரையைப் போட்டால் 1 மணி நேரத்தில் சிறுநீர் வரத் தொடங்கி, சுமார் 6 மணி நேரம் நீடிக்கும். அதனால் காலையில் போடுங்கள், இரண்டாவது வேளை இருந்தால் மாலை 4 மணிக்குள். வெளியூர்ப் பயணம் என்றால் அன்றைக்கு விட்டுவிடாமல், நேரத்தைத் தள்ளிப் போடலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் பொட்டாசியம். இதில்தான் நாங்கள் தடுமாறினோம். லேசிக்ஸ், டைட்டர் போன்ற நீர் மாத்திரைகள் ரத்தத்தில் பொட்டாசியத்தை இறக்கும், ஆல்டாக்டோன் என்ற இன்னொரு வகை நீர் மாத்திரை ஏற்றும். அப்பாவுக்குக் காலில் தசை பிடித்தபோது யாரோ சொன்னதைக் கேட்டு, பொட்டாசியம் நிறைந்த இளநீரைத் தினமும் கொடுத்தோம், ஆல்டாக்டோனும் போய்க்கொண்டிருந்தது, அடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.8. இதயத் துடிப்பையே குலைக்கக்கூடிய அளவு அது, நல்லவேளையாக அதற்குள் டாக்டர் பார்த்துவிட்டார். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதிலும் பொட்டாசியம் இருக்கிறது. இந்துப்பும் பெரும்பாலும் உடம்பில் நீரைத் தேக்கும் சாதாரண உப்புதான், அதை நம்பி ஊறுகாய், அப்பளம், கருவாட்டைத் தொடராதீர்கள். மாத்திரையின் அளவு மாறினால் 1–2 வாரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), சோடியம், பொட்டாசியம் மூன்றையும் பார்க்கச் சொல்வார்கள், தள்ளிப் போடாதீர்கள்.

மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபன் வாங்கிப் போடவே கூடாது. நீரைத் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்த நாளில் மட்டும் கதை வேறு, ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பில் அதே அளவு மாத்திரை போனால் எழுந்து நிற்கும்போதே தலை சுற்றி விழுந்துவிடுவார்கள், அன்றைய மாத்திரையைப் போடுவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள்.