2021-ல் பள்ளி கட்டம் கட்டமாகத் திறந்தபோது: பிள்ளையை எப்படித் தயார் செய்வது?

கோவிட் தொற்றால் மூடியிருந்த பள்ளிகள் 2021-ல் மறுபடி திறந்தபோது பெற்றோருக்குச் சொன்னது இது. முதலில் பள்ளி மாவட்டம் (உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) அனுப்பிய அட்டவணையை நிதானமாகப் படியுங்கள். அப்போது இங்கே அமெரிக்காவில் பல மாவட்டங்கள் சின்ன வகுப்புகளை முதலில் கூப்பிட்டு, பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் திங்கள், செவ்வாய், இன்னொன்றுக்கு வியாழன், வெள்ளி என்று வைத்து, புதன்கிழமையை எல்லாருக்கும் ஆன்லைனாக விட்டுவிட்டன. அண்ணனும் தங்கையும் வேறு வேறு குழுவில் இருந்தால் உடனே பள்ளிக்கு எழுதிக் கேளுங்கள்.

2021 மார்ச் 19 அன்று சிடிசி (அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம்), மாஸ்க் போட்டிருக்கும் தொடக்கப்பள்ளி வகுப்பறையில் மாணவர்களுக்கு இடையே 6 அடிக்குப் பதில் 3 அடி போதும் என்று சொல்லிவிட்டது, ஆகவே அட்டவணை மறுபடி மாறவும் வாய்ப்பு இருந்தது. சாப்பிடும்போது அப்போதும் 6 அடிதான்.

அப்புறம் தூக்கம். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய வேலை. எழுந்ததும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பழகிய பிள்ளை திடீரென்று பஸ்ஸுக்கு ஓட முடியாது, அதனால் தினமும் கால் மணி நேரம் முன்னதாக எழுப்பி இரண்டு வாரத்தில் பழைய நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். வீட்டிலேயே ஒரு மணி நேரம் மாஸ்க் போட்டு சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்; மூக்குக்குக் கீழே நழுவினால் வேறு அளவு வாங்குங்கள். ஈரமானால் மாற்ற, பையில் பெயர் எழுதிய இன்னொன்று இருக்கட்டும்.

போக மாட்டேன் என்று அழுதால் அதட்ட வேண்டாம், என்ன பயம் என்று கேளுங்கள், ஆசிரியரிடமும் சொல்லிவையுங்கள். காலையில் காய்ச்சல் இருந்தால் அனுப்பவே அனுப்பாதீர்கள்.