தோட்டத்தில் எத்தனை கோழி வளர்க்கலாம்? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கோழி வளர்ப்பது என்று முடிவானதும் பலர் முதலில் விசாரிப்பது இனத்தைப் பற்றித்தான். அதற்கு முன் எண்ணிக்கையை முடிவு செய்துவிடுங்கள். கூட்டின் அளவு, தீவனச் செலவு, தினமும் கூட்ட வேண்டிய எச்சம், பக்கத்து வீட்டாரின் பொறுமை எல்லாம் அதைப் பொறுத்தவை. ஓர் அளவு நாடா, ஒரு தாள், ஒரு பேனா போதும்.

உட்காரும் முன் ஒரு வேலை: உங்கள் பகுதி உள்ளாட்சி விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு, சில இடங்களில் சேவலுக்கு மட்டும் தடை. வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதமும் வேண்டும்.

படி 1: மூன்றுக்குக் கீழே போகாதீர்கள்

கோழி கூட்டமாக வாழும் பறவை. ஒற்றைக் கோழி ஓயாமல் கத்தும், சரியாகத் தின்னாது. இரண்டு வாங்கினால், ஒன்று இறந்த அன்றே மற்றது தனியாகிவிடும். தவிர, கூட்டத்தில் யார் பெரியவர் என்பதைக் கோழிகள் கொத்தித்தான் தீர்மானிக்கும். இரண்டே இருந்தால் எல்லாக் கொத்தும் ஒன்றின் மேலேயே விழும். ஆகவே குறைந்தபட்சம் மூன்று பெட்டைகள்.

படி 2: இடத்தை அளந்து மேல் வரம்பைக் கண்டுபிடியுங்கள்

நடுத்தர உடல்வாகு கொண்ட ஒரு பெட்டைக்கு வேண்டியவை:

- இரவு தங்கும் கூட்டில் 4 சதுர அடி தரை
- பகலில் உலவும் வலை அடைப்பில் 10 சதுர அடி
- அடையும் கம்பில் 10 அங்குல நீளம்
- மூன்று நான்கு கோழிகளுக்கு ஒரு முட்டைப் பெட்டி (12 அங்குல நீளம், அகலம், உயரம்)

குள்ள இனங்களுக்குத் தரை அளவில் பாதி போதும். முட்டைப் பெட்டியின் பரப்பைத் தரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தீவனத் தொட்டி தரையில் நிற்கிறது என்றால் அந்த இடத்தையும் கழித்துவிடுங்கள்.

ஓர் உதாரணம். கூடு 4 அடிக்கு 6 அடி: 24 சதுர அடி, ஆறு கோழி. அடைப்பு 6 அடிக்கு 14 அடி: 84 சதுர அடி, எட்டு கோழி. கம்பு 6 அடி, அதாவது 72 அங்குலம்: ஏழு கோழி. மூன்றிலும் எது சிறியதோ அதுதான் உங்கள் வரம்பு. இங்கே ஆறு. சராசரி எடுக்கக் கூடாது. அடைப்பு எவ்வளவு பெரிதானாலும் இரவில் கூட்டுக்குள் நெரிசல் நெரிசல்தான்.

கம்பை முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் பொருத்துங்கள். கோழிகள் இருப்பதில் உயரமான இடத்தில்தான் அடையும். பெட்டி மேலே இருந்தால் அதிலேயே தூங்கி எச்சமிட்டு, மறுநாள் முட்டையை அழுக்காக்கும்.

"பகலில் தோட்டத்தில் திறந்துவிடுவோமே, கூடும் அடைப்பும் சின்னதாக இருந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அடைமழை நாளில், நீங்கள் ஊரில் இல்லாத நாளில், நாயோ கீரியோ சுற்றி வரும் வாரத்தில் அவை முழு நாளும் உள்ளேதான் இருக்கும். அந்த நாளுக்குத்தான் கணக்குப் போட வேண்டும். திறந்துவிடுவதிலும் ஒரு விலை உண்டு. கோழி மண்ணை இரண்டு முறை பின்னால் சீய்த்துவிட்டு, ஓரடி பின்வாங்கி, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக் கொத்தும். நாள் முழுக்க இதே வேலை. நேற்று நட்ட நாற்று இதற்குத் தாங்காது. மூன்று கோழி கிளறிய பாத்தியை மீட்கலாம். சின்னத் தோட்டத்தில் எட்டு கோழி கிளறினால் சில வாரங்களில் வெறும் மண்தான் மிஞ்சும். காய்கறிப் பாத்தியைச் சுற்றி வலை கட்டுவது என்றால், அந்தப் பரப்பைக் கோழிக்கான இடத்திலிருந்து கழித்துவிடுங்கள்.

நெரிசல் எப்படித் தெரியும்? முதலில் வால் அடியில் இறகு காணாமல் போகும். பிறகு அங்கே ரத்தம். சிவப்பைக் கண்டால் மற்றவையும் சேர்ந்து கொத்தும். அடிபட்டதை அன்றே பிரிக்காவிட்டால் அது பிழைப்பது கஷ்டம். இன்னொரு சோதனை: காலையில் கூட்டைத் திறந்ததும் குனிந்து, கோழியின் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய் மூச்சு இழுங்கள். கண்ணும் மூக்கும் எரிந்தால் அம்மோனியா ஏறியிருக்கிறது. கூட்டுத் தரையில் பரப்பிய கூளம் ஈரமாக இருந்தால் ரத்தக் கழிச்சல் நோய்க்கும் இடம் கொடுக்கும். அதில் முதலில் சாய்வது குஞ்சுகளும் இளங்கோழிகளும்தான்.

படி 3: முட்டைத் தேவையை வரம்போடு ஒப்பிடுங்கள்

முட்டைக்காகவே உருவாக்கப்பட்ட கலப்பினப் பெட்டை முதல் ஆண்டில் 280 முட்டை வரை இடும். வாரத்துக்கு ஐந்து என்று வையுங்கள். நாட்டு இனங்கள் பத்துப் பதினைந்து இட்டதும் அடை உட்கார்ந்துவிடும். ஆண்டுக்கு 80 முட்டை என்றால் வாரத்துக்கு ஒன்றரைதான். வீட்டுக்கு வாரம் 14 முட்டை தேவை என்றால் கலப்பினத்தில் மூன்று பெட்டை போதும்; நாட்டு இனத்தில் பத்து வேண்டும். வரம்பு ஆறாக இருக்கும்போது பத்தைத் திணிக்கக் கூடாது. இனத்தை மாற்றுங்கள், அல்லது குறைவான முட்டைக்குத் தயாராகுங்கள்.

எந்தக் கோழியும் ஆண்டு முழுக்க இடாது. இறகு உதிர்க்கும் வாரங்களில் முட்டை நின்றுபோகும். பகல் வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் கீழே குறையும் காலத்திலும் குறையும்.

படி 4: வரம்பை நிரப்பாதீர்கள்

பெரும்பாலான கணக்குகள் சறுக்குவது இங்கேதான். கோழி ஐந்து முதல் எட்டு ஆண்டு வாழும். நன்றாக இடுவது முதல் இரண்டு ஆண்டுகள். செல்லமாக வளர்ப்பவர்கள் முட்டை நின்ற கோழியை அனுப்பப் போவதில்லை. ஆறு இடத்திலும் ஆறு இளம் பெட்டைகளை ஒரே நாளில் விட்டால், மூன்றாம் ஆண்டில் ஆறும் ஒன்றாகக் கிழமாகத் தொடங்கும். முட்டையும் குறையும், புதிதாகச் சேர்க்க இடமும் இருக்காது.

எனவே ஆறு இடம் இருந்தால் மூன்றோ நான்கோ வாங்குங்கள். இரண்டு ஆண்டு கழித்து இரண்டு சேருங்கள்.

படி 5: அன்றாட வேலை

ஒரு பெட்டை நாளுக்கு 120 கிராம் தீவனம் தின்னும். நான்கு கோழிக்கு மாதம் சுமார் 14.5 கிலோ. தண்ணீர் ஒன்றுக்குக் கால் லிட்டர். வெயில் காலத்தில் இரு மடங்கு. எச்சம் நான்குக்கும் சேர்த்து நாளுக்கு ஏறத்தாழ அரை கிலோ. அதைப் பச்சையாகச் செடிக்குப் போட்டால் வேர் கருகும். காய்ந்த சருகோடு சேர்த்துச் சில மாதம் மக்க வையுங்கள். மக்க வைக்க இடமில்லை என்றால் ஒரு கோழியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: சேவல் வேண்டுமா?

முட்டைக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்க மட்டுமே வேண்டும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் சரி. மூன்று பெட்டைக்கு நடுவே ஒன்றை விட்டால், அது ஓயாமல் மிதித்து முதுகு இறகையெல்லாம் பிய்த்துவிடும்.

ஆண், பெண் பிரிக்காத குஞ்சுகள் வாங்கினால் பாதி சேவலாக வரும் என்றே கணக்கு வையுங்கள். நான்கு பெட்டை வேண்டுமென்று எட்டுக் குஞ்சு வாங்குபவர், மீதி நான்கு எங்கே போகும் என்பதையும் அன்றே முடிவு செய்ய வேண்டும். தொடக்கத்துக்கு 16 வாரம் தாண்டிய பெட்டைகளாக வாங்குவதே மேல். விலை கூடுதல்தான், ஆனால் எண்ணிக்கை மாறாது.

படி 7: பிறகு சேர்க்கும்போது

ஒற்றைக் கோழியாகச் சேர்க்காதீர்கள், குறைந்தது இரண்டு. புதியவற்றை மூன்று நான்கு வாரம் தனியே வைத்து நோய் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு வாரம் வலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கமாக விடுங்கள். அதன்பின் இரவில், பழையவை அடைந்த பிறகு, கம்பில் ஏற்றிவிடுங்கள். தீவனத்தையும் தண்ணீரையும் இரண்டு இடத்தில், தள்ளித் தள்ளி வையுங்கள். சில நாள் கொத்தும். ரத்தம் வந்தால் மட்டும் பிரித்துவிடுங்கள்.

புதியவை இன்னும் முட்டையிடத் தொடங்கவில்லை என்றால் முட்டைக்கோழித் தீவனம் அவற்றுக்கு ஆகாது. அதிலுள்ள மிகுதியான சுண்ணாம்புச் சத்து வளரும் பறவையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதுவரை எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனமே போட்டு, உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் பெட்டைகள் தேவையான அளவு தாங்களே கொத்திக்கொள்ளும்.